மின் ஸ்கேட்போர்ட்டுக்கான கப்பிகளும் மோட்டார் தாங்கியும்: யாழ்ப்பாணத்துக் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளும் முறை

வீட்டில் செய்யப்படும் மின் ஸ்கேட்போர்ட்டில் பெரும்பாலும் தனியாக ஒரு பிரேக் இருப்பதில்லை. ரிமோட்டின் விசையைப் பின்னுக்கு இழுத்ததும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாரை மின்பிறப்பாக்கியாக மாற்றிவிடுகிறது. சில்லின் சுழற்சி பெல்ட் வழியாக மோட்டாருக்குத் திரும்பி வந்து அங்கே தடைப்படுகிறது. ஆகவே மோட்டார்த் தண்டில் உள்ள சிறு கப்பி, பெல்ட், சில்லோடு இணைந்த பெரிய கப்பி, மோட்டாரைத் தாங்கும் தகடு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் உங்கள் பிரேக். ஓடும்போது பெல்ட் நழுவினால் வேகம் குறையும், அவ்வளவுதான். நிறுத்தும்போது நழுவினால் பலகை நிற்காது. கீழே வரும் அளவுகள் அனைத்தையும் இந்தக் காரணத்தை முன்வைத்தே தெரிவு செய்திருக்கிறேன்.

இதை நான் அனுபவத்தில்தான் அறிந்தேன். என்னுடைய முதலாவது பலகையில் சிறு கப்பியைக் கீ (கப்பியையும் தண்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு உலோகத் துண்டு) இல்லாமல், தலையில்லாத இரண்டு அலன் ஸ்குரூக்களால் மட்டும் மோட்டாரின் உருண்டைத் தண்டில் இறுக்கியிருந்தேன். இரண்டு வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. ஒருநாள் காலை, ஒழுங்கை முடிந்து பிரதான வீதியில் ஏறும் இடத்தில் பிரேக்கைப் பிடித்தபோது மோட்டார் நின்றது, சில்லு நிற்கவில்லை. குதித்து இறங்கி ஓடியதால் முழங்காலோடு தப்பினேன். பிறகு கழற்றிப் பார்த்தபோது தண்டைச் சுற்றிக் கண்ணாடிபோல மினுங்கும் ஒரு வளையமும், கப்பியின் துளைக்குள் சாம்பல் நிற அலுமினியத் தூளும் இருந்தன. ஓட்டத்தின்போது ஒரு திசையிலும் பிரேக்கின்போது எதிர்த்திசையிலும் மாறி மாறி வந்த முறுக்கு, ஸ்குரூவின் நுனியைச் சிறிது சிறிதாக அரைத்துத் தளர்த்திவிட்டது.

முதலில் கணக்கு

இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது பரவலாகக் கிடைக்கும் 6374 வகை மோட்டார். அதன் பெயரே 63 மி.மீ. விட்டம், 74 மி.மீ. நீளம் என்பதைச் சொல்கிறது. அதன் கே.வி. எண் 190 என்றால், ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று என்று பொருள். தொடராக இணைத்த 10 லிதியம் அயன் கலங்கள் 36 வோல்ற்று தரும். ஆகவே சுமையில்லாமல் 6,840 சுற்று. சிறு கப்பியில் 15 பல், பெரிய கப்பியில் 36 பல் என்றால் விகிதம் 2.4, சில்லு நிமிடத்துக்கு 2,850 சுற்றுச் சுற்றும். 90 மி.மீ. சில்லின் சுற்றளவு 283 மி.மீ. அளவு என்பதால், கணக்கில் மணிக்கு ஏறத்தாழ 48 கிலோமீற்றர் வருகிறது. ஆள் ஏறி நின்றதும் இது கணிசமாகக் குறையும். அப்படியிருந்தும் நமது வீதிகளுக்கு இது தேவைக்கு அதிகமான வேகமே. கட்டுப்பாட்டுக் கருவியில் 25 கிலோமீற்றருக்கு மட்டுப்படுத்துங்கள்.

யாழ்ப்பாணம் தட்டையான நிலம், ஏற்றமில்லை, எனவே விகிதத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டலாம் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதற்கு உடன்படவில்லை. விகிதம் குறைந்தால் பிரேக்கும் அதே அளவில் குறைகிறது. 190 கே.வி. மோட்டார் ஒரு அம்பியருக்கு ஏறத்தாழ 0.05 நியூட்டன் மீற்றர் முறுக்குத் தரும். 40 அம்பியரில் 2 நியூட்டன் மீற்றர், 2.4 விகிதத்தில் சில்லில் 4.8, 45 மி.மீ. ஆரையில் அது 107 நியூட்டன் விசை. ஆளும் பலகையும் சேர்ந்து 85 கிலோ என்றால், 25 கிலோமீற்றர் வேகத்திலிருந்து இந்த ஒரு மோட்டார் மட்டும் பலகையை நிறுத்த 19 மீற்றர் தூரம் வேண்டும். கண் கண்டு விரல் அசைய எடுக்கும் ஒரு விநாடியில் போகும் 7 மீற்றரை அதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் நான் இரண்டு மோட்டாருக்கு மாறினேன். இரண்டு இருந்தால் தூரம் பாதியாகும். ஒரு பெல்ட் அறுந்தாலும் மற்றது பிடிக்கும். 180 மி.மீ. ஹங்கரில் (சில்லுகளின் அச்சு செல்லும் குறுக்குப் பாகம்) 74 மி.மீ. மோட்டார்கள் இரண்டு பக்கத்தில் பக்கம் வைத்தால் இடம் நெருக்கடியாகும். முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றுமாக மூலைவிட்டமாக வைப்பது இலகு.

பெரிய கப்பியை 36 பல்லுக்கு மேலே கொண்டுபோகாததற்கும் காரணம் உண்டு. பெல்ட் ஏறிய நிலையில் அதன் விட்டம் ஏறத்தாழ 60 மி.மீ. ஆகிறது. 90 மி.மீ. சில்லில் நிலத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையே மிஞ்சுவது 15 மி.மீ. மட்டுமே. 40 பல் போட்டால் அது 12 ஆகக் குறையும்; கல் தெறிக்கும் வீதியில் அந்த 3 மி.மீ. பெரிய வித்தியாசம்.

பெல்ட்டும் மையத்தூரமும்

எச்.ரி.டி. 5எம் என்ற வகைப் பெல்ட்டில் பல்லுக்குப் பல் 5 மி.மீ. இடைவெளி. அகலம் 9, 15 ஆகியவை எளிதில் கிடைக்கும். 15 ஐயே வாங்குங்கள். கப்பியின் கணக்கு விட்டம், பற்களின் எண்ணிக்கையை 5 ஆல் பெருக்கி 3.1416 ஆல் வகுத்தால் வரும். பெல்ட்டின் உள்ளிருக்கும் நார்கள் செல்லும் வட்டம் அதுதான். கப்பியின் வெளிவிட்டம் அதைவிட 1.14 மி.மீ. குறைவு. ஆகவே 15 பல்லுக்குக் கணக்கு விட்டம் 23.87, வெளிவிட்டம் 22.73, 36 பல்லுக்குக் கணக்கு விட்டம் 57.30, வெளிவிட்டம் 56.15. கணக்கு விட்டத்துக்கே கடைந்துவிட்டு, பெல்ட் பல்லில் உட்காரவில்லை என்று பெல்ட்டைக் குறைசொல்வது புதிதாகச் செய்வோர் பலருக்கும் நேரும் பிழை.

இரு தண்டுகளுக்கும் இடையிலான தூரத்தை ஊகித்து வைக்கக் கூடாது, ஏனென்றால் பெல்ட் குறிப்பிட்ட நீளங்களில் மட்டுமே விற்கப்படுகிறது. பெல்ட் நீளம், மையத்தூரத்தின் இருமடங்கு, பற்களின் கூட்டுத்தொகையை 2.5 ஆல் பெருக்கியது, இரு கணக்கு விட்டங்களின் வித்தியாசத்தின் வர்க்கத்தை மையத்தூரத்தின் நான்கு மடங்கால் வகுத்தது ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும். 270 மி.மீ. பெல்ட்டுக்கு இதைத் தீர்த்தால் மையத்தூரம் 69.2 மி.மீ.; 265 மி.மீ. பெல்ட்டுக்கு 66.7. தாங்கியில் 66 முதல் 72 வரை நகரும் நீள்துளை வைத்தால் இரண்டு பெல்ட்டும் பொருந்தும், இழுத்து இறுக்கவும் இடமிருக்கும்.

69.2 மி.மீ. தூரத்தில் பெல்ட் சிறு கப்பியை ஏறத்தாழ 152 பாகை சுற்றிப் பிடிக்கிறது. அதாவது ஒரே நேரத்தில் ஆறு பல் பிடியில் இருக்கும். ஆறுக்குக் கீழே போனால் பெல்ட்டின் தாங்குதிறன் குறையத் தொடங்கும். சிறு கப்பியை 12 பல்லாக்கி விகிதத்தைக் கூட்டலாம் என்ற எண்ணத்தை இதனால்தான் கைவிட வேண்டும்: பிடிக்கும் பல்லும் குறையும், ஒவ்வொரு பல்லின் சுமையும் கூடும், பிரேக்கில் பெல்ட் பல் தாவும்.

பொருளும் பட்டறையும்

பெரிய கப்பிக்கு 6061 அல்லது 6082 வகை அலுமினிய உருளைக்கம்பி 65 மி.மீ. விட்டத்தில் ஒரு துண்டு போதும். தாங்கிக்கு அதே வகையில் 8 மி.மீ. தகடு. இங்கே கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டியிருக்கும். பழைய பிஸ்டன்களை உருக்கி வார்த்த அலுமினியம் மலிவு என்றாலும் தாங்கிக்கு ஆகாது. அதிர்ச்சியில் சொல்லாமல் வெடிக்கும். சிறு கப்பி உருக்காக இருக்க வேண்டும். அதன் ஒவ்வொரு பல்லும் பெரிய கப்பியின் பல்லைவிட 2.4 மடங்கு அதிகமாகப் பிடிக்குள் வந்துபோகிறது. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசி பெல்ட்டில் ஒட்டிக்கொண்டால் அலுமினியப் பல்லை அரம்போல அராவிவிடும்.

நமது கடைசல் பட்டறைகளில் பெரும்பாலும் நடப்பது தண்ணீர்ப் பம்பி, லான்ட்மாஸ்டர் வேலைகள்தான். ஆனால் அங்குள்ள மூத்தவர்கள், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறை. இல்லாத பாகத்தை இருப்பதிலிருந்து செய்யும் கைப்பழக்கம் அவர்களிடம் உண்டு. நீங்கள் கொண்டுபோக வேண்டியது தெளிவான வரைபடம், உண்மையான பெல்ட், உண்மையான பெயாரிங், உண்மையான மோட்டார். பொருளைக் கையில் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொன்னால் வேலை சரியாக வரும். நீங்களே இயந்திரத்தில் நிற்பதென்றால் சாரம், தளர்ந்த சட்டைக்கை, கையுறை எதுவும் வேண்டாம்; கண்ணாடி கட்டாயம்.

பெரிய கப்பி

இந்தப் பாகத்தில் கவனிக்க வேண்டியது மையம். பல் வெட்டும் வெளிவட்டமும் பெயாரிங் இருக்கும் உள்வட்டமும் ஒரே மையத்தில் இல்லாவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் பெல்ட் ஒருமுறை இறுகி ஒருமுறை தளரும். தளரும் கணத்தில் பிரேக் பிடித்தால் பல் தாவும். ஆகவே வெளிவிட்டம் 56.15, பெயாரிங் குழி இரண்டையும், துண்டை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கிலிருந்து கழற்றாமல், ஒரே பிடியில் கடைய வேண்டும். முகத்தைச் சமன் செய்து, 18 மி.மீ. வரை துளைத்து, 19 மி.மீ. ஆகத் துளையைப் பெருக்கி, அதன் பிறகு முன்பக்கத்திலிருந்து 7 மி.மீ. ஆழத்துக்குப் பெயாரிங் குழியைக் கடையுங்கள். மிஞ்சும் விளிம்பு பெயாரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் தொடும்.

608 பெயாரிங்கின் வெளிவிட்டம் 22 மி.மீ., உள்விட்டம் 8, அகலம் 7. குழி 21.98 இலிருந்து 21.99 க்குள் இருக்க வேண்டும். இந்த அளவில் வெப்பம் குறுக்கிடும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வேளையில் கடைந்த அலுமினியம் கைக்குச் சுடும். 20 பாகை சூடேறினாலே 22 மி.மீ. குழி 0.01 மி.மீ. விரிந்துவிடும். சூட்டோடு அளந்து சரியென்று விட்டால், ஆறிய பிறகு அளவு வேறாக நிற்கும். கடைசி வெட்டுக்கு முன்னர் தேநீர் குடிக்கும் நேரம் விட்டுவிடுங்கள். கத்தியில் அலுமினியம் ஒட்டாமலிருக்க மண்ணெண்ணெய் துளித்துளியாக விடுவது வழக்கம். பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது.

பூட்டும்போது இதே வெப்பம் உதவிக்கு வருகிறது. பல் வெட்டி முடிந்த கப்பியைக் கொதிநீரில் சில நிமிடம் வைத்தெடுத்துத் துடைத்தால் குழி 0.03 மி.மீ.க்கு மேல் விரிந்திருக்கும். குளிர்பெட்டியில் வைத்த பெயாரிங் விரலால் வைத்ததும் உள்ளே இறங்கும். சுத்தியலால் அடித்து இறக்கினால் குண்டுகளின் தடத்தில் தழும்பு விழும்.

பல் வெட்டுவதற்கு மில்லிங் இயந்திரமும் பிரிதலையும் (துண்டைச் சம பங்குகளாகத் திருப்பும் கருவி) வேண்டும். வழக்கமான பிரிதலையில் கைப்பிடியை 40 முறை சுற்றினால் துண்டு ஒருமுறை சுற்றும். 36 பல்லுக்கு ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு முழுச்சுற்றும் ஒன்பதில் ஒரு பங்கும். அதாவது பிரிதலைத் தகட்டின் 18 துளை வட்டத்தில் ஒரு சுற்றும் 2 துளையும். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் சுற்றுங்கள். தாண்டிப்போனால் நன்றாகப் பின்னுக்கு வந்து மறுபடி முன்னேறுங்கள். வெட்டும் அலகை உருக்குக் கத்தியில் தேய்த்து உருவாக்கலாம்: அகலம் 3 மி.மீ. அளவு, அடி வட்டமாக, ஆழம் 2 மி.மீ.க்குச் சற்று மேலே. கழிவுத் துண்டொன்றில் எட்டுப் பள்ளம் வெட்டிப் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள். எட்டாவது பல் முதற் பல்லைப்போலவே உட்கார்ந்தால் அலகும் விட்டமும் சரி. போகப்போகப் பல் மேலே ஏறி நின்றால் வெளிவிட்டம் தவறு.

முப்பரிமாண அச்சில் நைலோனில் எடுத்த கப்பி பரிசோதனைக்குப் போதும். பி.எல்.ஏ. என்ற அச்சுப் பிளாஸ்டிக் வேண்டாம், அது 60 பாகையளவில் இளகும். வெயிலில் நிறுத்திய பலகையில் அந்தச் சூடு வருவது அரிதல்ல.

சில்லோடு கப்பியை இணைக்க, சில்லின் உள்ளகத்தில் உள்ள இடைவெளிகளை அளந்து, அவற்றில் இறுக்கமாக நுழையும் முனைகளைக் கப்பியின் பின்முகத்தில் மில்லிங் செய்வது நல்லது. இரண்டு பெயாரிங்குகளுக்கும் இடையில் உள்வளையங்களைத் தொடும் ஒரு குழாய்த்துண்டு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால் பெயாரிங்குகள் நெருக்குண்டு சூடேறும். அந்த நட்டின் புரியையும் கவனியுங்கள்: வழக்கமான ட்ரக்கின் (பலகையின் அடியில் சில்லுகளைத் தாங்கும் பாகம்) அச்சு அங்குலத்தில் 16 இல் 5 பங்கு, அங்குலத்துக்கு 24 புரி. 8 மி.மீ. நட் முதலில் ஏறுவதுபோலத் தோன்றிப் பிறகு புரியை அழித்துவிடும்.

சிறு கப்பியும் கீ வெட்டும்

15 பல் உருக்குக் கப்பியைச் சிறு துளையோடு வாங்கி, துளையை மட்டும் நாம் பெருக்கிக்கொள்வதே அறிவு. சிறிய பல்லை உருக்கில் வெட்டுவதற்குச் செலவாகும் நேரம் வீண். 8 மி.மீ. தண்டென்றால் 7.8 வரை துளைத்து, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் 8 மி.மீ. ரீமரால் முடிக்க வேண்டும். துளைக்கும் ஆணியாலேயே 8 எடுத்தால் துளை பெருத்துக் கப்பி ஆடும்.

கீ வெட்டுவதற்குத் தனி இயந்திரம் இல்லாத பட்டறையில் கடைசல் இயந்திரமான லேத்தையே பயன்படுத்தலாம். 3 மி.மீ. அகலத்துக்குத் தேய்த்த கத்தியைப் படுக்கையாகப் பிடித்து, சக் சுழலாதபடி பூட்டி, கத்தி பூட்டிய லேத் வண்டியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு தள்ளலுக்கும் 0.05 மி.மீ. வீதம் இறக்க வேண்டும். 1.4 மி.மீ. ஆழத்துக்கு ஏறத்தாழ முப்பது தள்ளல். ஒவ்வொன்றிலும் மயிரிழைபோல ஒரு சுருள் வெளியே வரும். எனக்கு இதைச் செய்துதந்த அண்ணை நடுவில் நிறுத்தி, கீயைத் துளையில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தார். "தம்பி, அவசரப்படாதையும். இது உள்ளுக்க ஆடிச்செண்டால் ஒரு நாளைக்கு வெட்டிப்போடும்" என்றார். கீ பக்கவாட்டில் அசையாமல், கைவிரல் அழுத்தத்துக்கு மட்டும் இறங்க வேண்டும். கீ வெட்டைப் பல்லின் நேர் கீழே வையுங்கள், பள்ளத்தின் கீழே அல்ல, 10 மி.மீ. தண்டில் பள்ளத்துக்கும் கீ வெட்டுக்கும் இடையே 3 மி.மீ. சுவர்கூட மிஞ்சாது. மோட்டாருக்கு மோட்டார் கீயின் அகலம் மாறும் என்பதால், தண்டிலுள்ள வெட்டை அளந்த பிறகே கத்தியைத் தேயுங்கள். அலன் ஸ்குரூ கப்பி தண்டில் நகராமலிருக்க மட்டுமே. முறுக்கைத் தாங்க வேண்டியது கீ.

மோட்டார் தாங்கி

தாங்கி இரண்டு பகுதி: ஹங்கரைக் கவ்வும் பிடி, மோட்டாரைப் பூட்டும் தகடு. பிரேக்கின் முறுக்கு முழுவதும் இந்தப் பிடியில்தான் இறங்குகிறது. அதைவிடப் பெரிய சுமை குழிகளிலிருந்து வருகிறது. மோட்டாரின் நிறை 0.9 கிலோ என்றும், குழியில் விழும் அதிர்ச்சி ஈர்ப்பின் 20 மடங்கு என்றும் வைத்துக்கொண்டால், 69 மி.மீ. தூரத்தில் அது 12 நியூட்டன் மீற்றர். பிரேக்கின் முறுக்கைப்போல இரண்டரை மடங்கு. உருண்டையான பிடி இறுக்கத்தை மட்டும் நம்பியிருக்கும். ஆகவே ஹங்கரின் வெட்டுமுகம் எந்த வடிவமோ அந்த வடிவத்திலேயே பிடியைக் குடையுங்கள். மட்டை ஒன்றில் வடிவத்தை வெட்டி, ஹங்கரில் வெளிச்சம் தெரியாமல் பொருந்தும் வரை திருத்தி, அதைத் தகட்டில் வரைந்து அரத்தால் முடிப்பது பொறுமை வேண்டும் வேலை, ஆனால் பிடி சுழலாது. ஹங்கரில் பற்றவைத்து ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். சூடு பட்ட இடத்தில் பதப்படுத்திய வார்ப்பின் உறுதி போய்விடும்.

தகட்டில் மோட்டாரின் துளைகளை வரைபடத்திலிருந்து எடுக்காமல், உங்கள் மோட்டாரையே அளந்து குறியுங்கள். ஸ்குரூவின் நீளம் மிக முக்கியம். மோட்டாரின் துளைக்குள் ஓர் ஈர்க்கை விட்டு ஆழம் பாருங்கள், 6 மி.மீ. என்றால், 8 மி.மீ. தகடு, 1 மி.மீ. வாஷர், உள்ளே 5 மி.மீ. எனக் கணக்கிட்டு 14 மி.மீ. ஸ்குரூ. அதற்கு மேல் நீண்டால் நுனி செப்புச் சுருளில் முட்டி மோட்டாரைக் கெடுக்கும். எல்லா ஸ்குரூவிலும், புரி தளராமல் பிடிக்கும் பசையான லொக்டைட் 243 இடுங்கள். அராவும் வேலை நடக்கும்போது மோட்டாரைப் பையில் கட்டித் தூர வையுங்கள். அதன் காந்தம் இரும்புத் தூளை இழுத்தால் எடுப்பது பெரும்பாடு.

பூட்டலும் முதல் ஓட்டமும்

இரு கப்பிகளின் முகத்திலும் நேரான உருக்கு அடிமட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். 69 மி.மீ. தூரத்துக்கு 0.3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. தெரிந்தால் மெல்லிய வாஷரால் திருத்துங்கள். பெல்ட்டின் நடுவை விரலால் அழுத்தினால் 2 மி.மீ. அளவு தாழ வேண்டும். அதைவிட இறுக்கினால் மோட்டாரின் பெயாரிங் உழைக்காது, தளர்த்தினால் பல் தாவும்.

முதல் சோதனையைப் பலகையில் ஏறாமல் செய்யுங்கள். சில்லைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மோட்டாரின் உடலை மற்றக் கையால் இரு திசையிலும் முறுக்கிப் பாருங்கள். "டிக்" என்ற சத்தமோ அசைவோ இருந்தால் கீயைத் திரும்பச் செய்ய வேண்டும். பிறகு தலைக்கவசத்தோடும் முழங்கால் காப்போடும், வாகனம் வராத முற்றத்தில், மணிக்கு 10 கிலோமீற்றரிலிருந்து இருபது முறையாவது பிரேக் பிடித்துப் பழகுங்கள்.

இருபது கிலோமீற்றர் ஓடிய பிறகு, மூடி இருந்தால் கழற்றிப் பெல்ட்டின் ஓரங்களைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கறுப்புத் தூள் இருந்தால் கப்பிகள் நேரில்லை. பல்லின் ஒரு சரிவு மட்டும் மினுங்கினால், அது எந்தச் சரிவு என்று கவனியுங்கள். பிரேக்கின் பக்கம் என்றால் இழுப்புப் போதாது, நீள்துளையில் மோட்டாரை அரை மி.மீ. பின்னுக்குத் தள்ளுங்கள். பண்ணை வீதி போன்ற கடலோரத்தில் ஓடினால் உப்புக்காற்றில் உருக்கும் அலுமினியமும் சேரும் இடங்களில் வெள்ளைத் தூள் படியும். ஈரத்துணியால் துடைத்து உலர்த்தி, அச்சிலும் பெயாரிங் முகத்திலும் மட்டும் சிறிது கிறீஸ் தடவுங்கள். பெல்ட்டில் கிறீஸோ எண்ணெயோ படக் கூடாது. மண்ணை உலர்ந்த பல்துலக்கியால் தட்டி எடுத்தால் போதும்.